தலையணைக்கும் காதுக்கும் நடுவில்

ஒருக்களித்துப் படுக்கிற ஆளா? இயர்பட்ஸ் வாங்கும்போது சவுண்டை அப்புறம் பாருங்கள். காதுக்கு வெளியே எவ்வளவு துருத்திக்கொண்டு நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

தண்டு வைத்த மாடலோடு மூன்று ராத்திரி தூங்கினேன். காது மடலின் உள்பக்கம் தொட்டாலே சுள்ளென்றது. தலையணை அழுத்தும்போதெல்லாம் பாட்டு வேறு நின்று நின்று ஓடியது (தொடு பட்டன் புண்ணியம்!).

இப்போது காதுக்குள்ளேயே அடங்கிவிடும் குட்டி ரகம். கூட வந்த சிலிக்கான் முனைகளில் சின்னதை மாட்டிய பிறகுதான் வலி போனது. நாய்ஸ் கேன்சலிங் ஃபேன் இரைச்சலை நன்றாக அமுக்குகிறது. பக்கத்துக் குறட்டையை? பாதிதான். மீதிக்கு மழைச் சத்தத்தை மெல்ல ஓடவிடுகிறேன்.

விடிந்ததும் ஒன்று கட்டிலுக்கடியில் கிடக்கும். தினமும் இடது காதுடையதுதான், ஏனோ.