வாரம் 60 கிலோ புளி

கிருஷ்ணகிரியில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் மாதம் இருபதாம் தேதியைத் தாண்டாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது செய்யலாம் என்று கிளம்பியவன், ஊர் வழக்கப்படி முதலில் மாம்பழத்தில்தான் விழுந்தேன். செந்தூராவை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கி பெங்களூருக்கு பார்சல் போட்டேன். ஐந்து பெட்டிகளில் இரண்டு ஒழுகிக்கொண்டே போய்ச் சேர்ந்தன. அடுத்து கேழ்வரகு மாவு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தெருவுக்கு ஒரு மாவு மில் இருக்கிறது.

மாசியில் பர்கூர் பக்கம் அத்தை வீட்டுக்குப் போனபோது, திண்ணையில் நான்கு பெண்கள் கூலிக்குப் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டையும் நாரும் எடுத்த பூப்புளியில் 40 கிலோவை வாங்கி வந்து தெரிந்த வீடுகளில் விற்றேன். இரண்டே வாரத்தில் தீர்ந்தது. தலைகால் புரியவில்லை. அதன் பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நம் வீடுகளில் ஓராண்டுக்கான புளியைப் பங்குனியிலேயே வாங்கி, உப்புப் போட்டுப் பானையில் அடைத்துவிடுவார்கள் என்பது, அம்மா செய்வதை முப்பது ஆண்டுகளாகப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

நோட்டைப் புரட்டி, இரண்டாம் முறை வாங்கியவர் யார் என்று தேடினேன். ஒரே பெயர்: ஓசூரில் மெஸ் நடத்தும் ஓர் அண்ணன். நேரில் போய்க் கேட்டேன்.

"கொட்டைப்புளி வாங்கினால் கரைக்கவே ஓர் ஆள் வேண்டும், தம்பி. மொத்தமாக வாங்கி வைக்க இங்கே இடம் எங்கே இருக்கிறது? வாரம் ஐந்து கிலோ கொண்டுவந்து கொடுத்தால் போதும். சாம்பாருக்குப் புதுப்புளி, புளிக்குழம்புக்குப் பழம்புளி. இரண்டையும் கலந்துவிடாதே."

வழி அங்கேதான் திறந்தது. கணக்கு இப்படி: கொட்டைப்புளி கிலோ 50 ரூபாய்க்கு வாங்கினேன். பத்து கிலோவைத் தட்டினால் ஆறு கிலோதான் தேறும். கூலி, பை, பஸ்ஸில் மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் எல்லாம் சேர்த்து, கொட்டை விற்ற காசைக் கழித்தால், கிலோ அடக்கம் 104 ரூபாய். 130க்குக் கொடுக்கிறேன். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் எடுத்தேன். சிறு வியாபாரிகளுக்கான அடிப்படைப் பதிவுக்கு அப்போது ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். அதற்குப் போய் மூன்று மாதம் பயந்துகொண்டிருந்தேன்.

அடியும் பட்டேன். ஒரு வியாபாரியிடம் வாங்கிய மூட்டை மேலே காய்ந்திருந்தது, அடியில் ஈரம். எடை ஏறத் தண்ணீர் தெளித்திருக்கிறார். பத்தே நாளில் பூஞ்சணம் பூத்து, 30 கிலோ குப்பைக்குப் போயிற்று. இப்போதெல்லாம் முழங்கை வரை மூட்டைக்குள் விட்டுப் பார்க்காமல் பணத்தை எடுப்பதில்லை. பருவத்திலேயே ஓராண்டுச் சரக்கைப் பிடித்து வைக்கவும் கையில் பணம் இல்லை. சீட்டுப் பணத்தில் ஆடி வரைக்கும்தான் தாங்கும், அதன் பிறகு விலை ஏற ஏற லாபம் சுருங்கும்.

இன்று பதினொரு மெஸ்கள், வாரம் 60 கிலோ. நல்ல மாதத்தில் ஆறாயிரம் ரூபாய் மிஞ்சுகிறது. இரண்டு பேர் மட்டும் ஆவணியிலிருந்து பாக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒருவர் அந்த முதல் அண்ணன்தான். அவரிடம் எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.