பிட்டர்ஸ் செய்து பார்த்தேன்: ஒரு சீசாவிலிருந்து ஆறு சீசாவுக்கு

முதல் முறை செய்தது வீணாய்ப் போனது. அதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கற்றுக்கொண்டதில் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஜென்ஷியன் என்ற கசப்புச் செடியின் வேர், காய்ந்த ஆரஞ்சுத் தோல், ஏலக்காய், கிராம்பு, பட்டை, அன்னாசிப்பூ என எல்லாவற்றையும் ஒரே கண்ணாடிச் சீசாவில் போட்டு, வோட்கா ஊற்றி, மூன்று வாரம் இருட்டில் வைத்தேன். தினமும் ஒரு தடவை குலுக்கினேன். திறந்து பார்த்தால் கிராம்பு மட்டும்தான் தெரிந்தது. ஆரஞ்சு இருந்த இடமே தெரியவில்லை. சோடாவில் நான்கு சொட்டு விட்டாலும் பல்வலி மருந்து வாசனைதான் வந்தது. கிராம்புக்கு ஒன்றிரண்டு நாள் போதும், ஆரஞ்சுத் தோலுக்கு ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். இரண்டையும் ஒரே நாள் உள்ளே போட்டு ஒரே நாள் வெளியே எடுத்தால் வேறென்ன ஆகும்?

பிட்டர்ஸ் என்பது காக்டெய்லில் சொட்டுக் கணக்கில் விடும் கசப்புச் சாறு. வேர், பட்டை, தோல், விதை, பூ ஆகியவற்றை வீரியமான மதுவில் ஊறவைத்து எடுப்பது. காக்டெய்ல் என்ற சொல்லுக்கு 1806-இல் அமெரிக்காவில் அச்சான விளக்கத்திலேயே மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்று நான்கும் வருகின்றன. ஆனால் இதன் பிறப்பு மருந்துப் பெட்டியில்தான். இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் அங்கோஸ்டூரா பிட்டர்ஸை 1824-இல் செய்தவர் சீகெர்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர். வெனிசுவேலாவில், தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் பொலிவாரின் படையில் இருந்தவர். அங்கோஸ்டூரா என்பது அவர் அங்கே இருந்த ஊரின் அன்றைய பெயர். அதே பெயரில் ஒரு மரப்பட்டை உண்டு, ஆனால் அந்தப் பட்டை இந்தச் சீசாவில் இல்லை. கசப்பு வருவது ஜென்ஷியனிலிருந்து.

சரி, இரண்டாம் முறைக்கு வருகிறேன். இந்தத் தடவை ஆறு சிறு சீசாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பொருள். 40% வோட்காவை விட்டுவிட்டு 50% உள்ளதை எடுத்தேன். வாசனை எண்ணெய் கரைவதற்கு அந்தக் கூடுதல் வீரியம் உதவுகிறது. ஜென்ஷியன் 100 மி.லி.க்கு 5 கிராம், தோலும் மசாலாவும் 10 கிராம். கிராம்பு மட்டும் 3 கிராம்.

ஜென்ஷியனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதிலுள்ள அமரோஜென்டின் என்ற பொருள் ஐந்து கோடிப் பங்குக்கும் மேலான நீரில் ஒரு பங்கு கலந்தாலும் நாக்குக்குத் தெரியும் என்பார்கள். மறுநாளே இதை நம்பினேன். ஒரு சொட்டை நேராக நாக்கில் வைத்ததில் அரை மணி நேரம் வேறு எதையும் சுவைக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஒரு சொட்டை 100 மி.லி. தண்ணீரில் விட்டுத்தான் பார்க்கிறேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து நிமிட இடைவெளி. இன்னொன்று: ஜென்ஷியனைக் காட்டில் பறிக்கும் எண்ணமே வேண்டாம். பூக்காத பருவத்தில் வெராட்ரம் என்ற நச்சுச்செடி அச்சு அசலாக அதைப்போலவே இருக்கும். ஜென்ஷியனில் இலைகள் எதிரெதிராக, வெராட்ரத்தில் மாறி மாறி. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காமல் நஞ்சானவர்கள் உண்டு. உலர்ந்த வேரை நம்பிக்கையான இடத்தில் வாங்குவதே வழி.

ஏலக்காய்தான் எனக்கு ஆச்சரியம். இரண்டாம் நாள் பச்சையாக, இனிப்பாக, அவ்வளவு அழகான மணம். ஐந்தாம் நாள் அதே சீசாவில் தைல வாடை ஏறிவிட்டது. உடனே இன்னொன்று போட்டு இரண்டாம் நாளே வடிகட்டினேன். கிராம்பை முப்பது மணி நேரத்தில் எடுத்தேன். பட்டை ஐந்து நாளுக்கு மேல் போனால் துவர்க்கிறது. ஜென்ஷியனும் ஆரஞ்சுத் தோலும் பத்து நாள் இருந்தன. தோலின் உட்புற வெள்ளையைக் கொஞ்சம் விட்டே காயவைத்தேன், அதுவும் ஒரு நல்ல கசப்பு. அன்னாசிப்பூச் சாற்றில் தண்ணீர் விட்டதும் பால்போல் கலங்கியது. கெட்டுவிட்டது என்று பயந்தேன். அப்படி இல்லை. மதுவில் கரைந்திருந்த எண்ணெய் தண்ணீர் கூடியதும் பிரிந்து மிதக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் துணியில் ஒரு தடவை, காபி வடிகட்டும் தாளில் ஒரு தடவை வடித்தேன். அப்புறம் கலவை. இரண்டு மாலை முழுக்க இதிலேயே போனது, ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பிடித்த நேரம் இதுதான். எழுதி எழுதி அடித்து, கடைசியில் நின்ற கணக்கு: ஆரஞ்சு 40 சொட்டு, ஜென்ஷியன் 20, ஏலக்காய் 8, பட்டை 5, அன்னாசிப்பூ 3, கிராம்பு 2. முன்பு முழுச் சீசாவையும் அடக்கி ஆண்ட கிராம்பு, 2 சொட்டில் நின்றதும் மற்றவற்றைக் கோத்துப் பிடித்துக்கொண்டது. கலந்த அன்று தனித்தனியாகத் தெரிந்த மணங்கள் ஒரு வாரம் கழித்து ஒன்றாகிவிட்டன. ஒரு வாரம் பொறுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விஸ்கியும் சர்க்கரையும் மட்டும் சேர்ந்த கோப்பையையும், அதிலேயே இதை இரண்டு டேஷ் விட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தேன். ஒரு டேஷ் என்பது ஏறக்குறைய 1 மி.லி., அதற்குச் சற்றுக் குறைவு. முதலாவது வெறும் இனிப்பு மது. இரண்டாவதில் இனிப்பு ஓரிடத்தில் நின்று, விஸ்கியின் மர வாசனை மேலே வருகிறது. சில நாட்களில் கசப்பு மிஞ்சிப் போனது. அப்போது உப்புக் கரைசல் இரண்டு சொட்டு விட்டேன். சோடியம் கசப்பை அடக்கும் என்பது கண்முன்னே தெரிந்தது, சர்க்கரை சேர்ப்பதைவிட இது நல்ல வழி.

அக்கா மது தொடமாட்டார். அவருக்காகக் கிளிசரினில் ஒன்று போட்டேன். உணவுத் தரத்தில் விற்கும் தாவரக் கிளிசரின் மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, நான்கு வாரம். ஜென்ஷியன் நன்றாக இறங்கியது. ஆரஞ்சு இறங்கவில்லை, எண்ணெய் கிளிசரினில் சரியாகக் கரைவதில்லை. கோப்பையின் விளிம்பில் பச்சைத் தோலைப் பிழிந்து தேய்த்ததில் அந்தக் குறை தீர்ந்தது. குடித்துவிட்டு, "முதல்ல இனிக்குது, கசப்பு பின்னாடிதான் வருது. நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் குடு" என்றார்.

உடல்நலப் பேச்சுக்கு வருகிறேன், இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சாப்பாட்டுக்குப் பதினைந்து நிமிடம் முன்பு சோடாவில் ஐந்தாறு சொட்டு விட்டுக் குடிக்கிறேன். வாயில் எச்சில் ஊறுகிறது, பசி தெளிவாகத் தெரிகிறது. ஐரோப்பிய மருந்துகள் முகமையும் லேசான செரிமானக் கோளாறுக்கும் தற்காலிகப் பசியின்மைக்கும் ஜென்ஷியனின் மரபுவழிப் பயன்பாட்டை ஏற்கிறது. வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு ஆகாது என்றும் சொல்கிறது. இதைத் தாண்டி, கல்லீரலைக் கழுவும், நச்சை வெளியேற்றும் என்று விற்கப்படுவதை நான் ஏற்கவில்லை. கர்ப்பிணிகளும் தினமும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

பழைய குறிப்புகளை அப்படியே செய்யாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். அவற்றில் வரும் வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்கா 1968-இல் தடை விதித்தது. டோங்கா என்ற வாசனை விதைக்கு அங்கே 1954-லிருந்து தடை. அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். குயினைன் என்ற கசப்பு மருந்துப் பொருள் உள்ள சிங்கோனா மரப்பட்டையை நான் வாங்கக்கூட இல்லை. டானிக் வாட்டரில் குயினைன் பத்து லட்சத்தில் 83 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்காவில் வரம்பு உண்டு. வீட்டில் ஊறவைத்த பட்டையில் எவ்வளவு இறங்கியது என்று அளக்க என்னிடம் வழியில்லை. மிஞ்சினால் காதில் இரைச்சல், தலைவலி, குமட்டல்.

இப்போது அலமாரியில் வறுத்த காபிக்கொட்டைச் சீசா ஒன்று இருக்கிறது. முதல் நாள் மாலை நல்ல மணம், இன்று காலை கருகல் வாடை தலைகாட்டுகிறது. இதை எழுதி முடித்ததும் வடிகட்டப் போகிறேன்.