எல்லிக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும்

ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜான் மார்ஸ்டனின் 'டுமாரோ' நாவல் வரிசையை மறுபடியும் எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் புத்தகம் 1993இல் வந்தது, ஏழாவது 1999இல். ஆஸ்திரேலியாவின் விர்ராவீ என்ற கற்பனை ஊரைச் சேர்ந்த ஏழு பள்ளிப் பிள்ளைகள், 'ஹெல்' என்று பேர் பெற்ற மலைப் பள்ளத்தில் சில நாள் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வீடு திரும்புகிறார்கள். வந்து பார்த்தால் நாட்டுக்குள் அந்நியப் படை புகுந்திருக்கிறது.

படை வந்ததை மார்ஸ்டன் சொல்லும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ராத்திரி விளக்கில்லாமல் விமானங்கள் கூட்டம் கூட்டமாகப் போகும், பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம், கதையைச் சொல்லும் எல்லியின் பண்ணை. சங்கிலியில் கட்டியபடியே செத்துக் கிடக்கும் நாய்கள், ஆளில்லாத வீடு, உயிரில்லாத தொலைபேசி. எல்லியின் தோழி கோரியின் வீட்டில் கோரியின் அப்பா அவசரமாகக் கிறுக்கி அனுப்பிய ஃபேக்ஸ் ஒன்று கிடக்கும், காட்டுக்குள் போய்விடு என்று. ஒரு துப்பாக்கிச் சத்தம்கூட இன்னும் கேட்கவில்லை, ஆனால் அந்தக் காகிதத்தைப் படிக்கும்போது எனக்குக் கை சில்லிட்டுப் போனது.

இந்தப் பிள்ளைகளுக்கு விசேஷ சக்தி எதுவும் கிடையாது. எல்லி விவசாயி வீட்டுப் பெண், வண்டி ஓட்டத் தெரியும், ஆடுமாடு தெரியும், எந்த இயந்திரம் எப்படி வேலை செய்யும் என்று தெரியும், அவ்வளவுதான். குழுவில் ஒருவனான லீக்குக் காலில் குண்டு பட்டதும் மண் அள்ளும் வண்டி ஒன்றைக் கிளப்பி, அதன் தொட்டியில் அவனைப் போட்டுக் கொண்டுபோகிறாள். ஊர்ப் பாலத்தைத் தகர்க்கும்போது காவலுக்கு நிற்கும் சிப்பாய்களை விரட்ட மாட்டு மந்தையை அவிழ்த்துவிடுகிறார்கள், பெட்ரோல் டேங்கரை எல்லியும் அவள் தோழி ஃபியும் கொண்டுவருகிறார்கள். நம்பவே முடியாத காரியம்தான், ஆனால் தினம் வயலில் நிற்கிற பிள்ளைக்கு இதுதானே முதலில் தோன்றும் என்று படிக்கும்போது நம்பிவிடுகிறோம்.

சரி, சாகசம் இருக்கட்டும். துரத்தி வந்த சிப்பாய்களை எல்லி புல்வெட்டும் வண்டியின் பெட்ரோலை வைத்துக் கொளுத்திவிடுகிறாள். சிறுவர் சாகசக் கதையில் வழக்கமாக அடுத்த பக்கத்திலேயே எல்லோரும் தப்பிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இங்கே அவள் கை நடுங்குகிறது, நான் கொலைகாரியா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள், அந்தக் கேள்வி ஏழு புத்தகத்துக்கும் அவள் கூடவே வருகிறது. நடந்ததையெல்லாம் எழுதிவை என்று நண்பர்கள் அவளைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், அதனால் நாம் படிப்பதே அவள் ஒளிக்காமல் எழுதிய குறிப்புதான். இளையவர்களுக்கு எழுதுகிற ஒருவர் இவ்வளவு மரியாதையோடு அவர்களிடம் பேசியதை நான் அதிகம் பார்த்ததில்லை.

குறை ஒன்று உண்டு. படையெடுத்தவர்கள் யார் என்று புத்தகம் கடைசிவரை சொல்லாது. வேண்டுமென்றே விட்டதுதான், ஆனால் வெற்றிடத்தை வாசகர், ஏதோ ஆசிய நாடுதான் என்று, தன் பயத்தால் நிரப்பிக்கொள்வாரே. தாய்லாந்து அப்பாவுக்கும் வியட்நாம் அம்மாவுக்கும் பிறந்த லீயை மார்ஸ்டன் குழுவுக்குள் வைத்திருப்பதை அந்தப் பயத்துக்குச் சொன்ன பதிலாகத்தான் நான் பார்க்கிறேன், போதுமான பதிலா என்பது வேறு விஷயம். 2010இல் படமாக எடுத்தபோது எதிரிக்கு முகம் காட்டியே ஆக வேண்டியிருந்தது, அங்கே அந்தச் சிக்கல் இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது.

எந்த வயதில் கொடுக்கலாம் என்றால், பதினான்கு சரியாக இருக்கும் என்பேன். ஆனால் மூன்றாம் புத்தகத்தின் கடைசி அத்தியாயங்களைப் பிள்ளை படிக்கும் நாளில் பக்கத்திலேயே இருங்கள். நான் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டதால் இந்த முறை மெதுவாகத்தான் போகிறேன்.