நான் எழுந்து போனால் மட்டும் கத்தும் கம்ப்யூட்டர்

எதிரே நான் உட்கார்ந்திருக்கும்வரை என் கம்ப்யூட்டர் பரம சாது. எழுந்து அடுத்த அறைக்குப் போனால் போதும், பத்து நிமிடத்தில் ஃபேன் ஊளையிடத் தொடங்கும். ஓடி வந்து மவுசைத் தொட்டால், வாத்தியார் தலை தெரிந்த வகுப்பறை மாதிரி கப்சிப்.

முதலில், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பட்டியலில் எல்லோருமே நல்ல பிள்ளைகள். பின்னால் வந்து நின்ற அண்ணன் ஒரு வரியில் விரலை வைத்தார். "சிஸ்டம் ஐடில் பிராசஸ், 96 சதவீதம். இதை முதலில் நிறுத்துடா."

"அது சிபியு சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு, அண்ணா."

"சும்மா இருக்கவே 96 சதவீதமா?"

அடுத்து, பெயரைப் பார்த்து ஏமாந்து பிராசஸ் மானிட்டரை இறக்கினேன். எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொட்டது, விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எதைப் படித்தது என்று ஒன்று விடாமல் எழுதுகிற கணக்குப்பிள்ளை அது. தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் லட்சக்கணக்கான வரிகள். ஒரு திருடனைப் பிடிக்க ஊர் முழுக்கக் கைரேகை எடுத்த கதை.

அப்புறம் சிஸ்டம் இன்ஃபார்மர். திறமூல மென்பொருள், டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் யார் பயன்படுத்துகிறார்கள் என்று அழகாகக் காட்டும். இதன் பழைய பெயர் பிராசஸ் ஹேக்கர். அந்தப் பெயரோடு திரையில் இருந்து அண்ணன் பார்த்திருந்தால் அது தனிப் பஞ்சாயத்து. ஆனால் நான் பார்க்கும்போது இதிலும் எல்லோரும் நல்ல பிள்ளைகள்தான்.

கடைசியில் பிராசஸ் எக்ஸ்ப்ளோரர். மைக்ரோசாஃப்ட் 2006இல் வாங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று. நிறுவவே வேண்டாம், அப்படியே ஓடும். யார் யாரைக் கிளப்பிவிட்டார்கள் என்று வம்சாவளி மரமே போட்டுக் காட்டுகிறது. இளஞ்சிவப்பு வரிகளைப் பார்த்து முதலில் பதறினேன். அவை வெறும் சர்வீஸ்கள்தானாம், பின்னணியில் ஓடும் நிரல்கள். இதில் சிபியு வரைபடத்தின் பழைய சிகரம் ஒன்றின் மேல் மவுசை வைத்தால், அந்த நொடியில் அதிகம் உழைத்தது யார் என்று பெயரைச் சொல்லிவிடும். (சிஸ்டம் இன்ஃபார்மரிலும் இந்த வசதி இருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.)

திறந்து வைத்துவிட்டு வேண்டுமென்றே எழுந்து போனேன். ஊளை கேட்டதும் திரும்பி வந்து சிகரத்தின் மேல் மவுசை வைத்தேன். போட்டோக்களை முகவாரியாகப் பிரிக்கும் மென்பொருள்! நானே நிறுவி, 'கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது மட்டும் வேலை செய்' என்று நானே டிக் அடித்தது.

சரி, இத்தனை நாள் கத்தி என்னதான் பிரித்தது என்று திறந்தேன். அண்ணனின் பழைய படத்தையும் என் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து, "இருவரும் ஒரே ஆளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "இதை முதலில் நிறுத்துடா."