கட்டிக்குள் இருப்பது திசுதானா?

சினைப்பைக் கட்டி ஸ்கேனில் வரும் குழப்பங்களில் பெரும்பகுதி ஒரே கேள்வியில் வந்து நிற்கும். கட்டிக்குள் வெளுப்பாகத் தெரிவது ரத்தம் ஓடும் திசுவா, அல்லது உறைந்த ரத்தம், கொழுப்பு, சளி மாதிரி ஏதாவதா? அளவு, உள்ளே உள்ள தடுப்புச் சுவர், ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறியீடான சி.ஏ. 125 எல்லாம் இதற்குப் பிறகுதான். முதல் நிலைப் புற்றுநோயில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு சி.ஏ. 125 உயர்வதில்லை. எண்டோமெட்ரியோசிஸிலும் (கர்ப்பப்பை உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) ஃபைப்ராய்டிலும் (கர்ப்பப்பைத் தசைக் கட்டி), சில நேரம் மாதவிடாய் நாட்களிலும்கூட, அது உயர்ந்து பயமுறுத்தும்.

வயிற்றின் மேல் ஸ்கேனில் தொடங்குவது நல்லது. பெரிய கட்டி இடுப்புக் குழியை விட்டு மேலே ஏறிவிடும். பிறப்புறுப்பு வழியே வைக்கும் உள்வழி புரோப்பை (ஸ்கேன் கருவியின் முனை) மட்டும் நம்பினால் பாதிக் கட்டிதான் படத்தில் வரும். சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பிறகு சிறுநீர்ப்பையைக் காலி செய்யச் சொல்லி உள்வழி ஸ்கேன். அது பொருந்தாத பெண்களுக்கு, சம்மதம் பெற்று மலக்குடல் வழியாகப் பார்க்கலாம். இல்லையென்றால் நேரே எம்.ஆர்.ஐ. மங்கலான வயிற்று ஸ்கேனை வைத்து முடிவு எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கட்டி சினைப்பையிலிருந்துதான் வருகிறதா? புரோப்பால் மெல்ல அழுத்திப் பார்த்தால் சினைப்பை ஒரு பக்கமும் கட்டி ஒரு பக்கமும் நழுவினால், அது சினைப்பைக்கு வெளியே உள்ளது. கர்ப்பப்பையிலிருந்து ரத்தக் குழாய்கள் கட்டிக்குள் போவது தெரிந்தால் காம்புள்ள ஃபைப்ராய்டாக இருக்கலாம். பாதியில் முடியும் தடுப்புகளோடு நீளமாகத் தெரிவது பெரும்பாலும் நீர் கோத்த கருக்குழாய்.

இனி வெளுப்புப் பகுதி. உறைந்த ரத்தமாக இருந்தால் புரோப்பை லேசாகத் தட்டும்போது அசையும், அதன் ஓரம் உட்குழிந்திருக்கும், உள்ளே ரத்த ஓட்டம் இருக்காது. ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, மாதவிடாய் முடிந்த கையோடு, மறுபடி பார்த்தால் சுருங்கியோ மறைந்தோ போயிருக்கும். ஆனால் மாதவிடாய் நின்று பல வருடமான பெண்ணுக்கு ‘ரத்தம் கசிந்த நீர்க்கட்டி’ என்று எழுதக் கூடாது. அந்த வயதில் முட்டை வெளிப்படுவதே இல்லை. வேறு காரணம் தேட வேண்டும். கொழுப்பும் முடியும் அடங்கிய டெர்மாய்ட் கட்டியில் வெளுத்த உருண்டையும் அதன் பின்னே விழும் நிழலும் அடையாளம். அதைக் குடல் வாயு என்று நினைத்துத் தாண்டிப்போவது அடிக்கடி நடக்கிறது. சற்று நேரம் புரோப்பை அசைக்காமல் வைத்திருந்தால் குடல் நெளியும், டெர்மாய்ட் நெளியாது. சுவரிலிருந்து உள்நோக்கி 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால்தான் அது பாப்பிலரி முளை. சாக்லேட் சிஸ்ட் (எண்டோமெட்ரியோசிஸால் பழைய ரத்தம் தேங்கிய கட்டி) உள்ள பெண் கர்ப்பமானால், அதற்குள் ரத்த ஓட்டமுள்ள வழவழப்பான முளைகள் தோன்றிப் புற்றுநோய் போலவே காட்டும்.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரை ஏனோதானோவென்று வைப்பதுதான் பெரிய கோளாறு. மகப்பேறு ஸ்கேனுக்கு வைத்த செட்டிங்கிலேயே கட்டியைப் பார்த்தால் மெல்லிய ஓட்டம் எதுவும் தெரியாது. வேக அளவை நொடிக்கு 3 முதல் 6 செ.மீ.க்கு இறக்கி, மெல்லிய ஓட்டத்தை வடிகட்டிவிடும் வால் ஃபில்டரைக் குறைந்தபட்சத்தில் வைக்க வேண்டும். நிறத்தின் உணர்திறனான கலர் கெயினைப் புள்ளிகள் சிதறும்வரை ஏற்றி, அவை மறையும்வரை மட்டும் குறைக்க வேண்டும். ஓட்டம் தெரிந்தால் அது திசு, சந்தேகமில்லை. தெரியாவிட்டால் திசு இல்லை என்று அர்த்தமாகாது, குறிப்பாகக் கட்டி ஆழத்தில் இருக்கும்போது.

2008இல் ஐ.ஓ.டி.ஏ. (சர்வதேச சினைப்பைக் கட்டி ஆய்வு) குழு வெளியிட்ட எளிய விதிகள் இந்தக் கேள்விகளைத்தான் ஒழுங்குபடுத்துகின்றன. ஒழுங்கற்ற திடக் கட்டி, வயிற்றில் நீர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முளைகள், 10 செ.மீ.க்குக் குறையாத ஒழுங்கற்ற பல அறை–திடக் கட்டி, மிக அதிக ரத்த ஓட்டம் ஆகியவை கெட்ட அடையாளங்கள். ஒற்றை அறை, 7 மி.மீ.க்குள் அடங்கும் திடப்பகுதி, பின்னால் விழும் நிழல், 10 செ.மீ.க்கு உட்பட்ட வழவழப்பான பல அறைக் கட்டி, ஓட்டமே இல்லாமை ஆகியவை நல்லவை. இரண்டும் கலந்திருந்தாலும், எதுவுமே இல்லாவிட்டாலும் விதி பதில் சொல்லாது. அந்தக் கட்டிகளுக்குத்தான் எம்.ஆர்.ஐ. தேவை. அதன் டி1 வகைப் படத்தில் கொழுப்பை அடக்கும்போது வெளுப்பு மறைந்தால் கொழுப்பு, மறையாவிட்டால் பெரும்பாலும் ரத்தம். டி2, டிஃப்யூஷன் ஆகிய மற்ற வகைப் படங்களிலும் கருத்தே இருக்கும் திடப்பகுதி பெரும்பாலும் ஃபைப்ரோமா, அதாவது நார்த்திசுக் கட்டி. மற்றவற்றில், ஊசி வழி செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏறும் வேகத்தைக் கர்ப்பப்பைத் தசையோடு ஒப்பிட வேண்டும். தசையைவிட வேகமாக ஏறினால் சந்தேகம் வலுக்கும்.

கட்டியின் தன்மையை அறிய முதலிலேயே சி.டி. எழுதும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. சி.டி.யின் வேலை பரவலைக் காட்டுவது: ஒமெண்டம் (குடலை மூடும் கொழுப்புத் திரை), உதரவிதானத்தின் அடிப்பகுதி, குடல் தாங்கியின் வேர். இரு பக்கமும் திடக் கட்டி என்றால் இரைப்பையையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அங்கிருந்து பரவியதாக இருக்கலாம். சந்தேகமான நீர்க்கட்டியை ஊசியால் உறிஞ்சக் கூடாது. உள்ளே புற்றுநோய் இருந்தால், சிதறலால் முதல் நிலை நோய் 1சி (கட்டி உடைந்து வெளியே சிந்திய நிலை) ஆகிவிடும்.

நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்க முடியாது. வயிற்றில் நீர், தடித்த ஒமெண்டம், உயர்ந்த சி.ஏ. 125 மூன்றும் சேர்ந்த இளம்பெண்ணுக்கு வயிற்றுக் காசநோயும் இருக்கலாம். படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம். நீரில், காசநோயில் உயரும் என்சைமான ஏ.டி.ஏ. பரிசோதனையும், ஸ்கேன் பார்த்தபடி ஒமெண்டத்திலிருந்து எடுக்கும் பயாப்ஸியும் அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே நடக்க வேண்டும்.