நூறு டாலர் விளக்கவுரையில் யாருக்கு எவ்வளவு?

அமெரிக்காவில் 100 டாலர் விலையுள்ள வேதாகம விளக்கவுரைத் தொகுப்பை ஐபோன் செயலிக்குள்ளேயே விற்றால் ஆப்பிளுக்கு 30 டாலர் போகும். பதிப்பகத்தின் ராயல்டி பாதி என்று வைத்துக்கொண்டால் இன்னொரு 50. செயலி எழுதி, வசனக் குறிப்புகளை ஒவ்வொன்றாக இணைத்தவருக்கு மிஞ்சுவது 20. ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டாதவர்கள் விண்ணப்பித்தால் ஆப்பிளின் பங்கு 15 சதவீதமாகக் குறையும். அப்போது 35 மிஞ்சும். கேமில் விற்கும் வாளுக்குப் பெரும்பாலும் யாருக்கும் ராயல்டி தர வேண்டியதில்லை. புத்தகம் விற்பவருக்கு அந்த வசதி இல்லை. ஐபோன் செயலிக்குள் பணம் வாங்கும் விதிகளை எதிர்த்து எபிக் கேம்ஸ் என்ற கேம் நிறுவனம் ஆப்பிள் மீது 2020 ஆகஸ்டில் தொடுத்த வழக்கு வேதாகமச் செயலிக்காரருக்கும் முக்கியமாவது இதனால்தான்.

அந்த வழக்கின் 2021 செப்டம்பர் தீர்ப்பைப் பலர் தவறாகச் சொல்கிறார்கள். ஆப்பிள் ஏகபோகம் என்பது அதில் நிரூபணமாகவில்லை. "வெளியே வாங்கலாம்" என்று பயனருக்குச் சொல்லத் தடை போட்டதுதான் கலிபோர்னியா சட்டப்படி தவறு என்றானது. உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் தலையிட மறுத்ததும் ஆப்பிள் செயலியிலிருந்து விற்பவரின் சொந்த இணையதளத்துக்குப் போகும் வெளி இணைப்பை அனுமதித்தது, ஆனால் 27 சதவீதம் கேட்டது. அட்டைக் கட்டணம் வழக்கமாக 2.9 சதவீதமும் 30 சென்ட்டும். 100 டாலருக்குக் கூட்டினால் 30.20! உள்ளே விற்பதைவிட 20 சென்ட் நஷ்டம். கணக்குப் போடத் தெரிந்த எவரும் அந்த இணைப்பை வைக்க மாட்டார். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதி இதை நீதிமன்ற அவமதிப்பு என்று சொல்லி அந்தக் கட்டணத்தையே தடுத்தார். ஆப்பிள் மேல்முறையீட்டுக்குப் போனது. வெளி இணைப்புக்கு ஆப்பிள் கட்டணம் பூஜ்யமாகவே இருக்கும் என்று நம்பி விலைப்பட்டியல் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் வெளியே விற்பதும் புத்திசாலித்தனம் இல்லை. 99 சென்ட் தியான நூலுக்கு அட்டைக் கட்டணமே 33 சென்ட் வரும். 15 சதவீதக்காரருக்கு ஆப்பிள் வழி 15 சென்ட்தான். 2.48 டாலருக்குக் கீழே அவருக்குக் கடை வழியே மலிவு. 30 சதவீதக்காரருக்கு அந்தக் கோடு 1.11 டாலர். விற்பனை வரித் தலைவலி தனி: கடைக்குள் விற்றால் அதை ஆப்பிள் வசூலித்துக் கட்டும், வெளியே விற்றால், மாநிலத்தில் கடையே இல்லாத விற்பனையாளரிடமும் வரி கேட்கலாம் என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2018 வேஃபேர் தீர்ப்புக்குப் பின், இத்தகைய நூல்களுக்கு வரி போடும் மாநிலங்களில் விற்பனை வரம்பைத் தாண்டிய ஒவ்வொன்றிலும் நீங்களே பதிவு செய்து கட்ட வேண்டும்.

ஆப்பிளைத் திட்டும் நம் துறையிலும் ஒரு பூட்டு உண்டு. லோகோஸ், அக்கார்டன்ஸ் இரண்டும் வேதாகம ஆய்வு மென்பொருள்கள்; லோகோஸில் வாங்கிய நூல் அக்கார்டன்ஸில் திறக்காது.  நூல்களை விடுங்கள், பயனரின் சொந்தக் குறிப்புகளையாவது வெளியே எடுக்க வழி வைக்கலாம். ஏற்றுமதிக் கோப்பில் புத்தகம், அதிகாரம், வசனம் மூன்றையும் தனித்தனி நெடுவரிசைகளில் வையுங்கள். அவற்றோடு வசன எண் முறையின் பெயரையும் எழுதுங்கள். அதை விட்டால் கோப்பு பிழையே காட்டாமல் ஏறிவிடும், குறிப்பு மட்டும் தப்பான இடத்தில் உட்காரும். எபிரெய முறையில் பல சங்கீதத் தலைப்புகளுக்கும் வசன எண் உண்டு, ஆகவே ஆங்கில வேதாகமத்தின் சங்கீதம் 51:1 அங்கே 51:3. மல்கியா 4:1 அங்கே 3:19. யோவேல் 3-ஆம் அதிகாரம் அங்கே 4. இந்த மூன்று இடங்களிலும் ஒரு குறிப்பு வைத்து, ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.