சாம்பார் பொடி: மிக்ஸி சூட்டை அடக்கியாச்சு!

மில்லுக்குக் கொண்டுபோகாமல் வீட்டு மிக்ஸியிலேயே அரைத்த சாம்பார் பொடி இந்த முறை நைசாக வந்துவிட்டது. சன்னக் கண் சல்லடையில் சலித்தும் கடைசியில் நைசாகாத கப்பி ஒரு பிடிதான் மிஞ்சியது. வாசனையும் இறங்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

அளவு வழக்கமானதுதான். அரைக் கிலோ மல்லிக்குக் கால் கிலோ மிளகாய், துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் தலா 100 கிராம், மிளகும் சீரகமும் தலா 50, வெந்தயம் 25, விரலி மஞ்சள் 25. மிளகாயில் பாதி ராமநாதபுரம் முண்டு, பாதி குண்டூர். நிறம் தூக்கலாக வேண்டுமென்றால் குண்டூரைக் குறைத்துக் கொஞ்சம் பேடகி மிளகாய் சேர்க்கலாம். அதில் காரம் கம்மி, சிவப்பு அதிகம். பருப்பையும் வெந்தயத்தையும் மட்டும் வறுத்தேன். மிளகாயும் மல்லியும் வெயிலோடு சரி. முண்டு உருண்டையாக இருப்பதால் உள்ளே ஈரம் தங்கிவிடுகிறது. காம்பு கிள்ளி, இரண்டாகப் பிய்த்துப் போட்டால்தான் மொறுமொறுவென்று காய்கிறது.

இனி அரைப்பது. மல்லியின் மணம் முழுக்க அதன் எண்ணெயில் இருக்கிறது, அந்த எண்ணெய் சூடு பட்டால் பறந்துவிடும். அரைக்கும்போது வீடே மணக்கிறது என்று பெருமைப்படுகிறோம். ஆனால் அது பொடியை விட்டுக் கிளம்பிப்போன மணம்! மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டினால் ஜாரின் அடி கை வைக்க முடியாமல் கொதிக்கும், மிளகாய்த்தூளும் மூடியில் அப்பிக்கொள்ளும். பெரிய மசாலா ஆலைகளில் திரவ நைட்ரஜனால் குளிரவைத்து அரைக்கும் முறையே உண்டு. காரணம் இந்தச் சூடுதான்.

நான் செய்தது இது: வெயிலில் இருந்து எடுத்ததும் அரைக்கவில்லை. மூடிபோட்ட தூக்கில் வைத்து நன்றாக ஆறவிட்டேன். சின்ன ஜாரில் பாதிக்குமேல் போடாமல், பத்து விநாடி ஓட்டி நிறுத்தி, அடியைத் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பு தெரிந்தால் அடுத்த ஜாரை மாட்டிவிடுவேன். இரண்டு ஜார் இருந்தால் வேலை தேங்காது. சலித்த கப்பியைத் தனியாக அரைக்காமல் அடுத்த ஈடோடு சேர்த்துவிட்டால் தானாக நைசாகிவிடும். மஞ்சளை இரும்பு உரலில் பட்டாணி அளவுக்கு உடைத்த பிறகுதான் ஜாரில் போட வேண்டும். அவித்துக் காயவைத்த கிழங்கு கல்லாக இருக்கும், முழுசாகப் போட்டால் பிளேடு போய்விடும். உடைத்த துண்டை வறுத்த கடலைப்பருப்போடு சேர்த்தால் சீக்கிரம் மசிகிறது.

மில்லில் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் நான் கொடுக்கும் இடத்தில் பொடி சுடச்சுடக் கொட்டுகிறது, முன்னால் அரைத்தவரின் கறிமசால் வாசனையும் ஏறிவிடுகிறது. எவ்வளவு சொன்னாலும் இயந்திரத்தைத் துடைப்பதில்லை.

மஞ்சள் ஈரோட்டு விரலி. மேலே பளபளவென்று மினுக்கும் மஞ்சளை நான் தொடுவதில்லை. ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லி, உள்ளே நல்ல ஆரஞ்சு நிறம் தெரிந்தால்தான் எடுப்பேன். முண்டுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் கண்ட குண்டு மிளகாயையும் முண்டு என்று கொடுக்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்.

அடுத்து கறிமசால் பொடி. கல்பாசியும் மராத்தி மொக்கும் வாங்கி வைத்தாகிவிட்டது. கல்பாசியில் ஒட்டியிருக்கும் மரப்பட்டையையும் மண்ணையும் பொறுக்கவே ஒரு மத்தியானம் போய்விடும் போலிருக்கிறது. அதற்குள் இந்தப் பொடியைப் பாட்டிலில் அடைக்க வேண்டும். தாம்பாளத்தில் பரப்பியது இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது. மிஞ்சிய கப்பி உடனே ரசத்துக்குப் போய்விட்டது, அருமையாக இருந்தது.